இடைவேளையில் முடியும் படம்

ஜூன் 2, திங்கள்

காலையில் தண்ணீர் மோட்டாரை யாரும் போடவில்லை. குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் எழுதினேன். கைகூப்புகிற பொம்மை வந்தது, தண்ணீர் வரவில்லை. நானே இறங்கிப் போய்ப் போட்டேன். இந்தக் கட்டடத்தில் நான் கத்தாமல் ஒன்றும் நடப்பதில்லை.

ஏழேகாலுக்கு வழக்கம்போல் போனில் திருநெல்வேலி வானொலி, சந்தை நிலவரம். விருகம்பாக்கத்தில் தனியாகப் பொங்கித் தின்கிறவனுக்குப் பாவூர்சத்திரத்தில் கத்தரிக்காய் என்ன விலை போனால் என்ன என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். பழக்கம். நடுவில் மாடி வீட்டு மேகலா தொடங்கிவிட்டாள். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லித்தருகிறாள். கம்ப்யூட்டர் இல்லாமலே அமெரிக்காவுக்குக் கேட்கிற குரல். போனில் வருகிற சத்தமோ கொசு மாதிரி. ஒட்டடைக் கம்பை எடுத்து மேல்தளத்தை இடித்தேன். குரல் தணிந்தது. அதற்குள் நிலவரம் முடிந்து நாதஸ்வரம் வந்துவிட்டது.

மத்தியானம் தெரியாத எண். அப்ரார் என்று ஒருவன். வாணியம்பாடிக்காரன், இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சினேகிதர்களோடு திரைப்படக் குழு நடத்துகிறானாம். "சார், 'மூன்றாவது நடைமேடை' டைரக்டர் ஆவுடையப்பன் சார்தானே?" என்றான். ஆமாம் என்றதும் அந்தப் பக்கம் நாலைந்து பேர் கூச்சல் போட்டார்கள். ஏதோ குடித்த கூட்டம் என்று வைக்கப் போனேன்.

"வெச்சிடாதீங்க சார். உங்க படம் ஒரு கல்ட் கிளாசிக் சார்."

கல்ட் கிளாசிக்! 2001-இல் ஒரு வாரம்கூடத் தாங்காத படம். பாளையங்கோட்டையில் அதைத் தூக்கிவிட்டு ஏதோ டப்பிங் படம் போட்டார்கள். அதோடு சரி, எவனும் எனக்கு இன்னொரு படம் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து சீரியல் மாமியார்களுக்கு அழுகை வசனம் எழுதி அரிசி வாங்குகிறேன். செத்தவனுக்குச் சீர்வரிசை கொண்டு வருகிறார்கள். படம் ஓடும்போது எங்கேயடா போயிருந்தீர்கள் என்று கேட்டேன். "அப்ப எனக்கு ரெண்டு வயசு சார்" என்றான்.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நல்ல சட்டை ஒன்றை இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

அவனுக்காக மெதுவடை வாங்கி வைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கறுப்பு டி-ஷர்ட் போட்டு வந்தான். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'இடைவேளை' என்று இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையோ எழுதிக்கொண்டு திரிகிறார்கள் என்று விட்டுவிட்டேன். உட்கார்ந்ததும் என் வசனங்களை வரிசையாக ஒப்பித்தான். எனக்கே மறந்துபோன வரிகள். மனசு குளிர்ந்துதான் போனது, பொய் சொல்வானேன். பிறகு வாயைத் திறந்து இதைச் சொன்னான்:

"ஓப்பனிங்கே அந்தச் சண்டை சார். கல்யாணம் முறியறதுல யார் சார் படத்தை ஆரம்பிப்பாங்க? அங்கயே எங்களை அடிச்சிட்டீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் படம் சண்டையில் ஆரம்பிக்கவில்லை. தேவகியின் குரலில் ஆரம்பிக்கிறது. திருநெல்வேலி பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பஸ் அறிவிக்கிற பெண் தேவகி. அந்தக் குரலைக் கேட்டே மயங்கி அவளைக் கட்டிக்கொள்கிறான் சங்கரபாண்டி. கல்யாணம் முடிந்து பஸ் ஏறி ஊருக்குப் போகிறார்கள், இடைவேளை. அதற்கு அப்புறம்தான் சண்டை சச்சரவெல்லாம். அவள் புருஷன் சொல் கேட்காமல் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதே பஸ் நிலையத்தில் அவன் தனியாக நின்று பேசுகிற நீண்ட வசனத்தோடு படம் முடியும். போனவள் எங்கே போனாலும் நன்றாக இருக்க மாட்டாள் என்று வருகிற வசனம். நான் அழுதுகொண்டே எழுதியது.

பிறகு பொறி தட்டியது. "நீ எதுல பாத்த?" என்றேன்.

"விசிடில சார்."

போச்சா! 2003-இல் வந்த அந்தப் பாழாய்ப்போன விசிடி. படம் முழுக்க இரண்டு சிடி. லேபிள் ஒட்டிய புண்ணியவான் முதல் பாதியில் இரண்டு என்றும் இரண்டாம் பாதியில் ஒன்று என்றும் ஒட்டித் தொலைத்துவிட்டான். அன்றைக்கே கம்பெனி வாசலில் போய் நின்று கத்தினேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாற்றிவிடுகிறோம் என்றார்கள். அடுத்த தடவை வரவேயில்லை. அந்த விசிடியைத்தான் ஊர் ஊராகக் கேபிள்காரர்கள் மத்தியானப் படமாக ஓட்டியிருக்கிறார்கள். வாணியம்பாடியில் மாதம் தவறாமல் ஓடுமாம்.

ஆக, இவர்கள் பார்த்த படத்தில் முதலில் சண்டை. அவள் போகிறாள். அவன் தனியாக நின்று புலம்புகிறான். 'வணக்கம்' கார்டு விழுகிறது. அதற்குப் பிறகு எழுத்துப் போட்டு, அவள் குரல் வந்து, காதல் வந்து, கல்யாணம் வந்து, பஸ் கிளம்பி, 'இடைவேளை' என்று போட்டுப் படம் முடிந்துவிடுகிறது! டி-ஷர்ட்டில் எழுதியிருந்தது அதுதான்.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னேன். "தம்பி, தப்பாப் பாத்துட்டீங்க. போவுது. சரியான வரிசையில ஒரு தடவ பாருங்க."

"பாத்துட்டோம் சார்."

"எப்படி இருந்துச்சு?"

அவன் வடையைப் பார்த்தான். "பிடிக்கல சார்."

அப்புறம் அவன் அம்மா கதையைச் சொன்னான். "எங்க அம்மி அந்த இடைவேளை கார்டு வந்தா டிவிய ஆஃப் பண்ண விடமாட்டாங்க சார். 'இரு, இன்னும் வரும்'னுவாங்க. அடுத்த படம் போட்டாக்கூட உக்காந்திருப்பாங்க. அந்தப் பொண்ணு சந்தோஷமா சிரிக்கும்போது படம் நின்னுடுது. மேல என்ன ஆவப்போவுதுன்னு நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. அதான் சார் படம்."

"அது படமில்லடா, லேபிள் ஒட்டுனவனோட தூக்கக் கலக்கம்" என்றேன்.

வந்த காரியம் என்னவென்றால், படத்தைச் சுத்தம் செய்து மறுபடி தியேட்டர்களில் வெளியிடப் போகிறார்களாம். அந்தத் தலைகீழ் வரிசையில். உரிமை இப்போது தயாரிப்பாளரின் மகள் உமையாளிடம் இருக்கிறது. நான் சம்மதித்தால்தான் உண்டு என்று அவள் சொல்லிவிட்டாளாம். அதற்குத்தான் இந்த ஒப்பித்தலும் குழைவும். எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். வடையை அவனும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கோபத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். கொட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

உமையாள் போன் செய்தாள். அவள் அப்பா மாதிரியே தன்மையான பேச்சு. அதுதான் எரிச்சல், திட்டவும் முடியவில்லை.

"உங்களைக் கேக்காம ஒரு ஃபிரேமைக்கூடத் தொடக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காங்க அங்கிள். நீங்க வேண்டாம்னா விட்டுடறேன். ஆனா நேர்வரிசையில போட்டா யாரும் வர மாட்டாங்க. அதையும் சொல்லிடறேன்."

வர மாட்டார்களா? பெரிய திரையில், நான் எடுத்தபடி, இவர்களில் ஒருவன்கூட அதைப் பார்த்ததில்லை. கழுதைக்குக் கற்பூரத்தைக் காட்டாமலே வாசனை தெரியாது என்றால் எப்படி? போட்டி வைக்கலாம் என்றேன். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே தியேட்டர். காலைக் காட்சி என் வரிசை, மாலைக் காட்சி அவர்கள் வரிசை. எது படம் என்று ஜனங்கள் பார்க்கட்டும். என் வரிசை ஜெயித்தால் அதுதான் வெளியாக வேண்டும். அவர்களுடையது ஜெயித்தால் அப்போது பேசலாம். சரி என்றாள். வருகிற இருபத்திரண்டாம் தேதி.

இந்தக் கல்ட் என்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளையார் பிடித்தவன் நான். லேபிள் ஒட்டியவன் அதைக் குரங்காக்கினான். இவர்கள் பிள்ளையாரை வெளியே நிறுத்திவிட்டுக் குரங்குக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். அந்த வரிசையில் நான் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். என் படத்தில் தப்பு யாருடையது என்று நான் தீர்மானித்து வைத்திருக்கிறேன். அதைத் திருப்பிப் போட இவர்கள் யார்?

ஜூன் 9, திங்கள்

எடிட்டர் சூசையைப் பிடித்தேன். படத்தை வெட்டி ஒட்டியவன். இப்போது தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறான். லேபிள் விஷயத்தில் எனக்கு அவன்மேல் அப்போதிலிருந்தே ஒரு கண்.

"ஏல சூசை, உண்மையச் சொல்லு. நீதான மாத்துன?"

சிரித்தான். "நான் எதுக்கு அண்ணாச்சி லேபிள் ஒட்டப் போறேன்? ஆனா எடிட்டிங் ரூம்லயே சொன்னேன்லா, எல்லாத் தப்பையும் அந்தப் பிள்ள தலையில தூக்கிப் போடாதிய, படம் நொண்டும்னு. நீங்க எங்க கேட்டிய?"

பிறகு, "கோமதி மைனி பாத்தாவளா படத்த?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

எதற்கு முடிந்துபோனதைக் கிளறுகிறான்? அவள் என்னை விட்டுப் போனது படம் எடுப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே பத்திரிகைக்காரனிடம் சொல்லியாகிவிட்டது. தேவகி பஸ் நிலையத்தில் அறிவிக்கிறவள். இவள் நாடகக் குழுவிலும் கோயில் கொடையிலும் மைக் பிடித்தவள். இரண்டும் ஒன்றா?

ஜூன் 11, புதன்

சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். உருட்டிக்கொண்டு வந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்ரார் கூப்பிட்டான், எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

சந்தை நிலவரம் வாசிக்கிறவளுக்கு இன்று தொண்டை கட்டியிருந்தது. தக்காளி என்று சொல்வதற்குள் கனைத்துக்கொண்டாள். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எப்போதும் இப்படிக் கட்டும். மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துச் சூடாகக் குடித்தால் இரண்டு நாளில் விட்டுவிடும். யார் போய்ச் சொல்வது? எனக்கென்ன வந்தது?

ஜூன் 19, வியாழன்

மாடிப்படியில் மேகலா மறித்துக்கொண்டாள்.

"அங்கிள், கம்பால இடிக்காதீங்க. கிளாஸ்ல இருக்கற பிள்ளைங்க என்ன சத்தம்னு கேக்குது. எனக்கு அசிங்கமா இருக்கு."

"மெதுவாப் பேசுனா நான் எதுக்கு இடிக்கப் போறேன்?"

"அது என் வேலை அங்கிள். மெதுவாப் பேசினா கடைசிப் பிள்ளைக்குக் கேக்காது. என் வீட்டுக்காரரே இதுவரைக்கும் மெதுவாப் பேசுன்னு சொன்னதில்ல, நீங்க யாரு?" படி இறங்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "அப்படி என்னதான் கேக்குறீங்க காலையில? கத்தரிக்காய் விலைதானே!"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்ராரிடமிருந்து செய்தி. மாலைக் காட்சிக்கு எல்லா டிக்கெட்டும் போய்விட்டதாம். காலைக் காட்சி எப்படி என்று கேட்டேன். 'இடம் இருக்கு சார், தாராளமா உக்காரலாம்' என்று எழுதியிருக்கிறான். நக்கலா, மரியாதையா தெரியவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து மனசுக்குள் திட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்தபடியே எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாராவது திரித்துச் சொல்வார்கள்.

வடசென்னையில் ஒரு பழைய தியேட்டர். காலைக் காட்சிக்குப் பாதி அரங்கம் நிறைந்தது. எழுத்துப் போட்டு முடிந்ததும் தேவகியின் குரல்: "சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையம் செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது." சுத்தம் செய்த ஒலியில் அந்தக் குரல் அரங்கம் முழுக்க நிறைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடைவேளை வரைக்கும் நன்றாகவே பார்த்தார்கள். வெளியே வந்து டீ குடித்தேன். இனிப்பாக இருந்தது, சர்க்கரை போடாதே என்று சொல்ல மறந்திருக்கிறேன்.

இரண்டாம் பாதியில் ஆங்காங்கே போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. கடைசி வசனம் வந்தது. சங்கரபாண்டி கண்ணீரோடு, "வீட்டுக்கு அடங்காத குரல் கடைசியில காத்தோடதான் போகும்" என்கிறான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது முன்வரிசை வரைக்கும் பரவியது. 'வணக்கம்' கார்டு விழுந்ததும் மரியாதைக்குக் கைதட்டினார்கள், காதுகுத்துக்கு மொய் வைக்கிற மாதிரி.

வெளியே வரும்போது ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டு போனாள். "அந்தாளு புலம்பறதுக்கு நாம எதுக்குடி ஃபீல் பண்ணணும்?" அந்தாளு என்றால் சங்கரபாண்டிதான். ஆனாலும் எனக்குக் காது சுட்டது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போக இருந்தேன். அப்ரார் வாசலில் நின்றான்.

"ஒரு தடவகூட இந்த வரிசையில பாத்ததில்லல்ல சார்?"

"எதுக்குப் பாக்கணும்?"

"பாத்துட்டுத் திட்டுங்க சார். பாக்காமத் திட்டுனா அன்னிக்குப் படத்தைத் தூக்குனவங்களுக்கும் உங்களுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

அறையலாம் போல இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

நிற்க இடமில்லை. பாதிக்கு மேல் பெண்கள். நிறையப் பேர் கழுத்தில் கண்டக்டர் விசில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். திரையில் பஸ் கிளம்பினால் இரண்டு விசில் கொடுக்கிறார்கள், நிறுத்தத்தில் ஒரு விசில். இதென்ன சினிமா தியேட்டரா, டிப்போவா என்று நினைத்தேன்.

எடுத்த எடுப்பில் சண்டை. யார் இவர்கள், எதற்குச் சண்டை, ஒன்றும் தெரியாது. ஒருவன் கத்துகிறான், ஒருத்தி குனிந்து பாத்திரம் கழுவுகிறாள். என்ன கேட்டாலும் காற்றுக்குச் சொல்கிற மாதிரி சன்னமாகப் பதில் சொல்கிறாள். அவளைத் திமிர் பிடித்தவளாகக் காட்டத்தான் அப்படி நடிக்கச் சொன்னேன். முன்கதை இல்லாமல் பார்த்தால் பேசப் பயந்தவளாகத் தெரிகிறாள். அவள் பெட்டியை எடுத்ததும் அரங்கம் முழுக்க இரண்டு விசில். போ, போ என்று. என் படத்தில், என் எதிரில்! எழுந்து கத்தலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன். இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

சங்கரபாண்டி பஸ் நிலையத்தில் தனியாக நின்று புலம்பினான். காலையில் சிரித்தவர்கள் மாதிரி இவர்கள் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள். 'வணக்கம்' விழுந்தது. இருட்டு. எழுத்து. அந்த இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது: "சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையம் செல்லும் பேருந்து..."

அரங்கமே அவளோடு சேர்ந்து சொன்னது. முதல் பாதி முழுக்க வாய்க்குள்ளேயே பேசிய பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததா என்று அப்போதுதான் தெரிகிறது. எடுத்த எனக்கே அப்போதுதான் தெரிந்தது என்று எழுதினால் சிரிப்பார்கள். எழுதவில்லை.

காதல் காட்சியில் சங்கரபாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ ஊருக்கெல்லாம் பேச வேண்டாம். எனக்கு மட்டும் பேசு" என்பான். 2001-இல் பாளையங்கோட்டையில் அந்த ஒரு இடத்துக்குத்தான் கைதட்டல் விழுந்தது. நான் யோசித்து எழுதிய வரி இல்லை அது. யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று அந்த இடத்தில் ஒரு விசில்கூட இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் "ஐயோ" என்றாள், மெதுவாக, தன் பிள்ளை வழி தவறிப் போவதைப் பார்க்கிற மாதிரி. திரையில் தேவகி சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தப் பஸ். கழுத்தில் மாலையோடு ஜன்னலோரம் தேவகி. புருஷன் காதருகே குனிந்து, சிரித்துக்கொண்டு, தன் வேலையை அவனுக்கு நடித்துக் காட்டுகிறாள்: சங்கரன்கோவில் வழியாக... அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மெதுவா. ஊருக்குக் கேட்டுரப் போவுது" என்கிறான். செல்லமாகத்தான் சொல்கிறான். செல்லமாகத்தான் எழுதினேன். அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அப்போது அந்த அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

"சத்தமாச் சொல்லு தேவகி!"

கட்டடமே அதிர்ந்தது. இவர்களுக்கு இது வழக்கமாம். ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் கத்துவார்களாம். திரையில் இருப்பவளுக்கு அது எப்படிக் கேட்கும்? 'இடைவேளை' என்று கார்டு விழுந்தது. எவரும் நகரவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் வரும் என்கிற மாதிரி அப்படியே நின்றார்கள். தியேட்டர்காரன் விளக்கைப் போட்டுக் கெடுத்தான்.

பிறகு என்னை மேடைக்கு இழுத்துப் போனார்கள். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்பீக்கரை அப்ரார் கையில் கொடுத்தான், போனோடு சேர்த்துக்கொள்ளலாமாம். முதல் கேள்வி, இந்த வரிசையை எப்படி யோசித்தீர்கள் என்று. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான், நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்று கத்தினேன். அதற்கும் கைதட்டுகிறார்கள்! உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா என்று கேட்டேன். அதற்கும் விசில்.

அப்புறம் ஒரு பெண் எழுந்தாள். "சார், தேவகி அந்த வீட்டை விட்டுப் போனதுக்கப்புறம் என்ன ஆனாங்க? யோசிச்சிருக்கீங்களா?"

பதில் வசனத்திலேயே இருக்கிறது. எங்கே போனாலும் நன்றாக இருக்க மாட்டாள். அதைச் சொல்லத்தான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"நல்லா இருக்கா" என்றேன்.

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்கா. அவளுக்கு என்ன கேடு? திருநெல்வேலி ரேடியோல சந்த நெலவரம் வாசிக்கா. தெனமும் காலையில ஏழேகாலுக்கு. எல்லா ஊருக்கும் கேக்கும். இப்பம் சாரலுக்குத் தொண்ட கட்டியிருக்கு, அவ்வளவுதான்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குக் கத்தினார்கள். என்ன ஒரு கற்பனை என்று முன்வரிசையில் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. அப்ரார் மட்டும் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மைக்கை அவன் தலையில் போட்டிருக்க வேண்டும்.

கற்பனைதான். கேட்டார்கள், எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது, சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. நிலவரம் போய்விட்டது. அப்ராரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: 'மன்னிச்சிடுங்க சார். தெரியாது.' என்ன தெரியாதாம் இவனுக்கு? பதில் போடவில்லை. சூசையிடமிருந்தும் போன் வந்தது. விஷயம் தூத்துக்குடி வரைக்கும் போய்விட்டதா என்று எரிச்சலாக வந்தது. அதையும் எடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆறு மணிக்கே உமையாளைக் கூப்பிட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்து பேசினாள். அவர்கள் இஷ்டப்படியே போட்டுக்கொள்ளட்டும் என்றேன். சந்தோஷத்தில் என்னென்னவோ சொன்னாள். நான் சந்தோஷமாகச் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள் என்றேன். அது என் படமும் இல்லை. என் படம் காலைக் காட்சியோடு செத்துப்போயிற்று. இது வேறு யாருடையதோ. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். இடைவேளை என்று போட்ட பிறகு எந்தத் தியேட்டர்காரனும் உடனே விளக்கைப் போடக் கூடாது. நிற்கிறவர்கள் நிற்கிற வரைக்கும் நிற்கட்டும். எதற்கு என்று கேட்டாள். எதற்கோ என்றேன்.

மோட்டாரை இன்றைக்கும் நான்தான் போட்டேன். மிளகு தட்டி ரசம் வைத்தேன். எனக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை கத்தியதில் தொண்டை போய்விட்டது.

ஏழேகாலுக்கு அந்த ஸ்பீக்கரைப் போனோடு சேர்த்தேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று பிடிபடவில்லை. ஒருவழியாகச் சத்தம் வந்தது. பாவூர்சத்திரம் கத்தரிக்காய், சங்கரன்கோவில் எலுமிச்சை, தக்காளி. தொண்டை தெளிந்திருந்தது. ஒரு கனைப்புக்கூட இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கடைசி வரைக்கும் கூட்டினேன். எலுமிச்சை விலை எதிர் வீட்டு ஜன்னலில் போய் மோதித் திரும்பியது. நாய் குரைத்தது. "வழங்கியது கோமதி" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

மேகலா இறங்கி வந்து கதவைத் தட்டினாள். "அங்கிள், கிளாஸே எடுக்க முடியல. கொஞ்சம் மெதுவா வைங்களேன்."

நீயும் உன் இஷ்டத்துக்குக் கத்திச் சொல்லிக்கொடு, இனிமேல் கம்பால் இடிக்க மாட்டேன் என்றேன். மெதுவாக மட்டும் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.